கெப்பில் வந்த ஆட்டமும் நான் போட்ட பழியும்



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் இந்த முதல் பந்தியை மட்டுமாவது வாசித்துவிடுங்கள். சென்ற மாரியில் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் ஒரு கராஜ்காரத் தம்பியைப் பற்றி எழுதியிருந்தேன். "என்ட கெப்ப நாசமாக்கிட்டான், ஆரும் அங்க கொடுக்காதீங்க" என்று. பலர் அதை வாசித்தீர்கள், சிலர் வேறு குழுமங்களுக்கும் அனுப்பினீர்கள். நான் எழுதியது பிழை. அந்த வேலை கெட்டதற்குக் காரணம் நான் வாங்கிக் கொடுத்த சாமானும் நான் போட்ட அவசரமும்தான். எல்லோருக்கும் முன்னால் சொன்னதை எல்லோருக்கும் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். அதற்காகவே இந்தப் பதிவு.

நடந்ததை முழுதாக எழுதுகிறேன். கெப் வைத்திருப்பவர்களுக்கும் உயர்த்த நினைப்பவர்களுக்கும் உதவும்.

கெப் வாப்பாவுடையது. 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபுள் கெப், டீசல். வாப்பா மௌத்தான பிறகு வட்டை வேலையும் கெப்பும் சேர்ந்து என் தலையில் வந்தன. எங்கள் வட்டைக்குப் போகும் வழி தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெரும்போகம் தொடங்கினால் உழவு மெசின்கள் போய் வந்து இரண்டு பக்கமும் பள்ளமாகிவிடும், நடுவில் மேடு நிற்கும். அந்த மேட்டில் பின் டிஃப் உரசும். போன வருடம் மூன்று தடவை மாட்டி, மெசின் கட்டி இழுத்தோம். மூன்றாம் முறை மச்சான் சொன்னார், "கெப்பக் கொஞ்சம் உயத்துங்களன்." அன்றிலிருந்து அது மண்டையில் ஏறிவிட்டது.

விடுமுறையில் ஒரு செயலமர்வுக்காகக் கொழும்பு போனபோது பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடையில் பிளொக் சோடி ஒன்று கண்டேன். மூன்று அங்குல உயரம், நீளமான யூ போல்ட்டுகளும் சேர்த்து. பின் அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் இடையில் இதை வைத்தால் பின்பக்கம் மூன்று அங்குலம் எழும்பும். முன்பக்கத்தை டோர்ஷன் பாரை முறுக்கி ஓரளவு சமப்படுத்தலாம். பிளொக்கின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விடத் தடிப்பாக இருந்தது. "எல்லா பிக்கப்புக்கும் சரி வரும், தடிச்ச பக்கம் முன்னுக்கு" என்றார் கடைக்காரர். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. விலை மலிவு என்ற சந்தோசத்தில் பஸ் ஏறினேன்.

அந்தத் தம்பி என்னிடம் படித்தவர். 2014 சாதாரண தரப் பிரிவு. பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு வேலை தொடங்கினார். பிளொக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், இது சாய்வு பிளொக். இதப் போட்டா டிஃப்ட மூக்கு திரும்பும். உங்கட கெப்புக்குச் சாய்வு வேணுமா, வேணுமெண்டா எந்தப் பக்கம் எண்டு ஷாஃப்ட்ட கோணத்தப் பாத்துத்தான் சொல்லலாம். ரெண்டு நாள் விடுங்க."

"நாளைக்கு விதைப்பு. கடைக்காரன் சொன்ன மாதிரித் தடிச்ச பக்கத்த முன்னுக்குப் போட்டுத் தா. மத்ததப் பிறகு பாப்பம்."

"இல்ல சேர்..."

"போடு தம்பி."

போட்டுத் தந்தார். தன்னை வகுப்பில் எழுப்பி நிற்க வைத்த ஆசிரியரிடம் அவர் வேறு என்ன சொல்வார்? கூலி 4,000 ரூபாய் மட்டும் எடுத்தார். என்னுடைய சின்ன மகன் அன்று பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அது பின்னால் வரும்.

அடுத்த நாள் விதைநெல் மூட்டைகளோடு வட்டைக்குப் போனோம். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நல்ல உயரம், நல்ல தோற்றம். போட்டோவும் போட்டேன், நீங்களும் லைக் போட்டீர்கள்.

மூட்டை இறக்கிய பிறகுதான் தொடங்கியது. கிளச்சை விட்டு எடுக்கும்போது பின்னால் கடகடவென்று ஒரு உதறல், 20, 25 கிலோமீற்றர் வேகம் வரை. பிறகு சற்று அடங்கும். 60இல் ஆசனத்துக்குக் கீழே ஒரு ரீங்காரம் தொடங்கும். 75 தாண்டினால் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும். மூட்டை ஏற்றினால் எல்லாம் குறையும். "கெப்புக்குப் பாரம் வேணும் போல" என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துப் பத்து நாள் ஓட்டினேன். உண்மையில் அதுதான் முதல் துப்பு. பாரம் ஏறினால் பின்பக்கம் அமரும், ஷாஃப்டின் சரிவு குறையும், அதனால் உதறலும் குறையும். கணிதம் படிப்பிக்கிற எனக்கு அது விளங்கவில்லை.

பதினோராம் நாள் எரிச்சலில் அந்தக் குறிப்பை எழுதினேன். அன்று மாலையே தம்பி வீட்டுக்கு வந்தார். "சேர், கெப்பக் கொண்டு வாங்க, பாப்பம்" என்றார். "நீ பாத்தது போதும்" என்று சொல்லிக் கதவடியிலேயே அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு வேறு ஊர்க் கராஜ்களில் செலவழிக்கத் தொடங்கினேன். முதலில் நான்கு சில்லும் பெலன்ஸ் செய்தேன். மாறவில்லை. ஷாஃப்டின் குரொஸ்கள் மூன்றும் மாற்றினேன். பழைய குரொஸ் ஒன்றில் கிரீஸ் காய்ந்து செம்மண் மாதிரித் தூள் வந்தது, ஆகவே அந்தக் காசு வீண் இல்லை. ஆனால் ஆட்டம் போகவில்லை. கடைசியாக ஷாஃப்டைக் கழற்றி லேத்தில் பெலன்ஸ் செய்து பூட்டினார்கள். இப்போது முன்பை விட மோசம். எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு பில்லுக்கும் அந்தத் தம்பியைத்தான் மனசுக்குள் ஏசினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பொத்துவிலுக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம். கோமாரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கீழே ஒரு வெடிச் சத்தம். அதற்குப் பிறகு தரைத் தகட்டில் யாரோ சுத்தியலால் அடிப்பது போல. உம்மா கலிமாச் சொல்லத் தொடங்கிவிட்டார். மெதுவாக ஓரம் கட்டிக் கீழே குனிந்து பார்த்தேன். ஷாஃப்டின் நடுவைத் தாங்கும் சென்டர் பெயாரிங்கின் றப்பர் முழுதாகக் கிழிந்து, ஷாஃப்ட் அந்த வளையத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

இது எவ்வளவு பாரதூரமான விடயம் என்று அப்போது தெரியாது. ஷாஃப்டின் முன் துண்டு கழன்று வீதியில் குத்தினால் வண்டி என்னாகும் என்று பிறகுதான் கேட்டறிந்தேன். எங்கள் வேகம் அப்போது 50 இருக்கும். அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று.

வழியால் வந்த ஒருவர் பக்கத்தில் ஒரு வயதான பாஸைக் காட்டினார். இ.போ.ச டிப்போவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இப்போது வளவுக்குள் சின்னச் சின்ன வேலை மட்டும் செய்கிறார். பஸ்ஸுக்கும் இரண்டு, மூன்று துண்டு ஷாஃப்ட்தான். சென்டர் பெயாரிங் அவருக்குப் பழகின சாமான். மகனோடு வந்து, டோர்ச் அடித்து, படுத்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாஸ்டர், இதை ஆர் உயர்த்தினது?"

"எங்கட ஊர்ப் பொடியன் ஒருத்தன் ஐயா. வேலை தெரியாத ஆள்."

"இந்த பிளொக் அவர் தந்ததோ?"

"இல்ல, நான்தான் வாங்கின."

"தடிச்ச பக்கம் முன்னுக்குப் போடச் சொன்னது ஆர்?"

நான் பதில் சொல்வதற்குள் மகன் சொன்னான். "வாப்பாதான் சொன்ன. அந்த நானா ரெண்டு நாள் கேட்டவர். வாப்பா வேணா எண்டுட்டார்."

பாஸ் ஐயா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ஒரு பாகைமானி கொண்டு வாங்கோ மாஸ்டர், பள்ளிக்கூடத்தில இருக்கும்தானே" என்றார். குடும்பத்தை ஓட்டோவில் அனுப்பிவிட்டு நான் கெப்பை அவர் வளவுக்குள் தள்ளினேன்.

அடுத்த நாள் கரும்பலகைக்கு வைத்திருக்கும் பெரிய மரப் பாகைமானியோடு பஸ்ஸில் போனேன். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அதன் நடுவில் நூல் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, தட்டையான விளிம்பை ஷாஃப்டோடு ஒட்டிப் பிடித்தால் சரிவு எத்தனை பாகை என்று நூல் காட்டும். சென்டர் பெயாரிங்கைத் தற்காலிகமாக உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டு, சில்லுகள் தரையில் நிற்க, மூன்று இடத்தில் அளந்தோம்.

இனிக் கொஞ்சம் பாடம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

டபுள் கெப்பில் கியர் பொக்ஸிலிருந்து பின் டிஃபுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் சென்டர் பெயாரிங் தாங்குகிறது. மூன்று இடத்தில் குரொஸ் மூட்டு இருக்கிறது: கியர் பொக்ஸ் பக்கம் ஒன்று, சென்டர் பெயாரிங்குக்குப் பின்னால் ஒன்று, டிஃப் மூக்கில் ஒன்று.

குரொஸ் மூட்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. நேராக இருக்கும்போது உள்ளே போகும் வேகமே வெளியே வரும். வளைந்தால் அப்படி வராது. உதாரணமாக 10 பாகை வளைவில் ஒரு பக்கம் நிமிடத்துக்கு 1000 சுற்று ஒரே சீராகச் சுற்றினால், மற்றப் பக்கம் 985க்கும் 1015க்கும் இடையே கூடிக் குறைந்து சுற்றும். இந்தக் கூடல் குறைச்சல் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை நடக்கும். அதுதான் உதறல்.

அப்படியென்றால் எல்லா வாகனமும் உதற வேண்டுமே? உதறாததற்குக் காரணம், ஒரு மூட்டின் உதறலை அடுத்த மூட்டு எதிர்ப்பக்கமாக உதறி அழித்துவிடுகிறது. அதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, இரண்டு மூட்டின் வளைவுக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு, அந்தத் துண்டின் இரண்டு முனையிலுமுள்ள கவைகள் ஒரே நேரில் இருக்க வேண்டும்.

எங்கள் அளவு இப்படி வந்தது. முன் துண்டு 3 பாகை சரிவு. பின் துண்டு 10 பாகை சரிவு. டிஃப் மூக்கு 1 பாகை கீழே பார்க்கிறது. ஆகவே நடு மூட்டின் வளைவு 10இலிருந்து 3 போக 7. டிஃப் மூட்டின் வளைவு 10உம் 1உம் சேர்த்து 11. ஏழும் பதினொன்றும் ஒன்றையொன்று அழிக்காது.

ஐயா பிளொக்கின் சாய்வையும் அளந்தார். 4 பாகை. தடித்த பக்கம் முன்னுக்கு இருந்ததால் அது டிஃப் மூக்கை 4 பாகை கீழே தள்ளியிருக்கிறது. அப்படியானால் முதலில் மூக்கு 3 பாகை மேலே பார்த்திருக்கிறது, அதாவது முன் துண்டுக்குச் சமாந்தரமாக. பின் துண்டு ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். மூன்று அங்குலம், அதாவது 75 மில்லிமீற்றர் உயர்த்தினால் சரிவு 4 பாகை கூடும். ஆகவே முதலில் அது 6. அப்போது இரண்டு மூட்டும் 3, 3. கொம்பனி அப்படித்தான் செய்து விட்டிருக்கிறது.

அப்போ தடித்த பக்கத்தைப் பின்னுக்குப் போட்டிருந்தால்? நானும் அதைத்தான் கேட்டேன். மூக்கு 7 பாகை மேலே போயிருக்கும். டிஃப் மூட்டு 3, நடு மூட்டு 7. அதுவும் பொருந்தாது. அந்தச் சாய்வு பிளொக் வேறு வகை ஷாஃப்டுக்கு, மேல் முனையில் இரட்டை மூட்டு உள்ளதற்குப் பொருந்தும். அதில்தான் டிஃப் மூக்கு ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும். எங்கள் கெப்புக்குச் சாய்வே தேவையில்லை. எந்தப் பக்கம் போட்டிருந்தாலும் பிழைதான். "ரெண்டு நாள் விடுங்க சேர்" என்று அந்தத் தம்பி கேட்டது இந்தக் கணக்கைப் பார்க்கத்தான்.

கணிதப் பிள்ளைகளுக்காக ஒரு வரி. இந்த உதறல் கோணத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கோணம் இரண்டு மடங்கானால் உதறல் நான்கு மடங்கு. அழிபடாமல் மிஞ்சுவது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். 11இன் வர்க்கம் 121, 7இன் வர்க்கம் 49. மிச்சம் 72. கொம்பனி நிலையில் 9இலிருந்து 9 போக ஒன்றுமில்லை.

வேறு இரண்டு விடயமும் ஐயா கண்டுபிடித்தார். ஷாஃப்டை பெலன்ஸ் செய்யக் கழற்றியவர்கள் குறி வைக்காமல் கழற்றி, நீண்டு சுருங்கும் பல் மூட்டில் ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டாம் நிபந்தனையும் போய்விட்டது. "மோசமானது அன்றைக்குத்தான், என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன். மற்றது, இவ்வளவு காலமும் அந்த உதறலைத் தாங்கியது சென்டர் பெயாரிங்கின் றப்பர். அது கிழிந்தது முடிவுதான், தொடக்கம் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஐயா கேட்டார், "மாஸ்டர், என்னத்துக்கு உயர்த்தினீங்கள்?"

"டிஃப் மேட்டில உரசுது ஐயா."

வாய்விட்டுச் சிரித்தார். "பிளொக் போட்டா பொடிதான் எழும்பும். டிஃப் அச்சில இருக்கு, அச்சு சில்லில இருக்கு. டிஃப் எங்க கிடந்ததோ அங்கதான் கிடக்கு."

நான் குனிந்து பார்த்தேன். அப்படியேதான் கிடந்தது. இவ்வளவு செலவும் இவ்வளவு பேச்சும் எதற்காகவோ அது ஒரு மில்லிமீற்றர்கூட உயரவில்லை. டிஃப் உயர வேண்டுமென்றால் டயர் பெரிதாக வேண்டும். இரண்டு அங்குலம் பெரிய டயர் போட்டால் டிஃப் ஒரு அங்குலம் எழும்பும். பொடியை உயர்த்துவதன் பயன், அந்தப் பெரிய டயருக்கு இடம் கிடைப்பதும், டாங்கியும் படிகளும் மேலே போவதும்தான்.

புதுப் பெயாரிங் ஒன்று எடுப்பித்துப் போட்டு, கவைகளை நேராக்கிப் பூட்டி, "40க்கு மேல போகாமல் ஊருக்குக் கொண்டு போங்கோ. பிளொக் மாத்த வேணும்" என்று சொல்லி, அளவுகளை மகனின் கொப்பித் தாளில் எழுதித் தந்தார். அதை எடுத்துக்கொண்டு 40இல் ஊர் வந்தேன். வழி நெடுக யோசனை ஒன்றுதான். இந்தத் தாளை யாரிடம் கொண்டு போவது?

வேறு கராஜுக்குக் கொண்டு போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகன்தான் கேட்டுக்கொண்டே இருந்தான், "அந்த நானாக்கிட்டச் சொல்லலையா வாப்பா?"

மூன்றாம் நாள் மஃரிபுக்குப் பிறகு போனேன். கொட்டிலில் வண்டி ஒன்றும் இல்லை. தம்பி ஒரு மோட்டார் சைக்கிளின் காப்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"ஆர் சேர் அளந்த?"

சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். பிழை என்னுடையது, நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும், எழுதியது அநியாயம், என்னை மன்னிச்சிரு என்று. அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பரவால்ல சேர். நானும் போட்டிரிக்கக் கூடாது. வேணா எண்டு சொல்லிரிக்கணும்."

அந்தப் பதில் எனக்கு ஏச்சை விடக் கஷ்டமாக இருந்தது. கொட்டில் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். திரும்பக் கேட்டபோது, அந்தக் குறிப்புக்குப் பிறகு வழமையாக வரும் நான்கு கெப்களும் ஒரு லொறியும் வரவில்லை என்றார். அந்த மாதம்தான் அவருக்கு முதல் பிள்ளை பிறந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு இருந்த எரிச்சலில் எழுதித்தான் இருப்பேன்.

வேலையை அவரே செய்தார். இரண்டு நாள் கேட்டார், இரண்டு நாள் கொடுத்தேன். மூன்று அங்குல சாய்வு பிளொக்கைக் கழற்றி, இரண்டு அங்குலத்தில் தட்டையான இரும்பு பிளொக் லேத்தில் அடிப்பித்தார். நடு ஆணி இருக்கும் குழியும் முனையும் சரியாக வெட்டி, அச்சு முன் பின் நகராதபடி. அளவுக்கு ஏற்ற புது யூ போல்ட் நான்கு. ஒரு தடவை இழுபட்ட யூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது என்றார். சென்டர் பெயாரிங் தாங்கிக்கும் சேஸிக்கும் இடையில் 12 மில்லிமீற்றர் தடிப்பில் துண்டு வைத்து நடுவைக் கீழே இறக்கினார். வெளிக்கிடும்போது வரும் உதறலுக்கு அதுதான் மருந்து, நடு மூட்டின் வளைவு அதனால் குறையும்.

முடிந்த பிறகு திரும்ப அளந்தோம். முன் துண்டு 4, பின் துண்டு 8, மூக்கு மேலே 3. நடு மூட்டு 4, டிஃப் மூட்டு 5.

"ஒரு பாகை பொருந்தல்லயே தம்பி" என்றேன்.

"அது விட்டதுதான் சேர். எக்ஸலேட்டர அமத்தினா லீஃப் ஸ்பிரிங் முறுகி மூக்கு கொஞ்சம் மேல எழும்பும். அப்ப பொருந்தும். நிண்ட நிலையில பொருத்தினா ஓட்டத்தில பொருந்தாது."

25இலிருந்து 16 போக 9. முன்பு 72. எட்டில் ஒன்று. அதுவும் நின்ற நிலையில். நான் முப்பது பிள்ளைகளுக்கு வர்க்க வித்தியாசம் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். சாதாரண தரத்தில் கணிதத்தில் வெறும் சித்தி எடுத்த பிள்ளை அதைக் கெப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு எனக்குப் படிப்பித்தார்.

நான் கேட்காத இன்னொரு வேலையும் செய்திருந்தார். இந்த வகைக் கெப்பில் பின் பிரேக்குக்கு ஒரு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி அச்சோடு இணைந்திருக்கும். பாரம் ஏறிப் பின்பக்கம் அமர்ந்தால் பின் பிரேக்குக்கு அமுக்கம் கூடும், எழும்பினால் குறையும். பிளொக் போட்டு உயர்த்தினால் வண்டி வெறுமையாக இருக்கிறது என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். மூட்டை ஏற்றினாலும் பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். அந்தக் கம்பியின் தாங்கியையும் இரண்டு அங்குலம் உயர்த்திச் சரி செய்திருந்தார். விதைநெல்லும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு நான் இத்தனை நாள் ஓடியது எப்படி என்று நினைத்தால் இப்பவும் நெஞ்சு பக்கென்கிறது.

இப்போது வெளிக்கிடும்போது உதறல் இல்லை. 60இலும் 80இலும் அமைதி. 90 தாண்டினால் மெல்லிய ஒரு ரீங்காரம் இருக்கிறது. உயர்த்திய கெப்புக்கு அது கொஞ்சம் இருக்கும் என்கிறார் தம்பி. வட்டை மேட்டில் டிஃப் இன்னும் உரசுகிறது. டயர் மாற்றும் காலம் வந்தால் ஒரு அளவு பெரிதாகப் போடலாம் என்றிருக்கிறேன்.

கெப் உயர்த்த நினைப்பவர்களுக்கு, நான் காசு கொடுத்துப் படித்தவை:

1. எதற்காக உயர்த்துகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். டிஃப் உரசுவதற்கு பிளொக் மருந்தில்லை, டயர்தான்.

2. கழற்றுவதற்கு முன்பே ஷாஃப்டின் இரண்டு துண்டின் சரிவையும் டிஃப் மூக்கின் கோணத்தையும் அளந்து எழுதி வையுங்கள். பிறகு எதையும் ஊகிக்கத் தேவையில்லை. போனில் உள்ள கோணமானியும் போதும்.

3. சாய்வு பிளொக்கைக் கோணம் பார்க்காமல் போட விடாதீர்கள். பிளொக்குக்கு மேல் பிளொக் அடுக்காதீர்கள். முன் அச்சுக்கு பிளொக் போடவே கூடாது.

4. ஷாஃப்டைக் கழற்றுபவரிடம் கழற்ற முதல் எல்லா மூட்டிலும் பெயின்ட் குறி வைக்கச் சொல்லுங்கள்.

5. ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். வண்டி நிற்கும்போது எஞ்சினை உயர்த்தினால் ஆடாது, ஓடினால் மட்டும் ஆடுகிறதென்றால் எஞ்சின் இல்லை. 60 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 7 தடவை சுற்றும். டிஃப் விகிதம் 4.1 என்றால் ஷாஃப்ட் ஏறத்தாழ 30 தடவை சுற்றும். குரொஸ் கோணப் பிழை அதன் இரு மடங்கு, 60. ஸ்டேரிங் மெதுவாகக் குலுங்கினால் சில்லைப் பாருங்கள். தரையும் ஆசனமும் ரீங்காரமிட்டால் ஷாஃப்டைப் பாருங்கள்.

6. பின் பிரேக் வால்வின் கம்பி, பிரேக் ஹோஸின் நீளம் இரண்டையும் மறக்காதீர்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு யூ போல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள்.

7. வேலை தெரிந்தவர் இரண்டு நாள் கேட்டால் இரண்டு நாள் கொடுங்கள்.

தம்பியின் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அன்று என் குறிப்பை வாசித்தவர்களுக்கு யாரென்று தெரியும். வழமையாக வந்துகொண்டிருந்த அந்த நான்கு கெப்காரர்களும் லொறிக்காரக் காக்காவும் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அன்று என் குறிப்பைப் பகிர்ந்தவர்கள், அது போன இடத்துக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள்.

கொப்பித் தாள் இப்போதும் அவருடைய கொட்டில் சுவரில் ஆணி அடித்துத் தொங்குகிறது. போனால் பார்க்கலாம்.

வஸ்ஸலாம்.